சைக்கிள் கொடுத்தீர்கள், சக்கரத்தையும் கவனியுங்கள்: இராமநாதபுரம் கடலோரத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர், முதன்மைக் கல்வி அலுவலர், நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர்கள், கடலோர மேல்நிலைப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடக்கே தொண்டி, தேவிபட்டினம், கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், இராமேசுவரம், தெற்கே பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், சாயல்குடி என்று இந்தக் கரை நெடுகச் சைக்கிள் பழுது பார்க்கிறவர்களும், அன்றாடம் சைக்கிளில் போய்வருகிறவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம்.

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா மிதிவண்டி பெரிய காரியம். பேருந்து நேரத்துக்கு வராத கிராமங்களில் மேல்நிலைப் படிப்பு அந்த வண்டியின் மேல்தான் ஓடுகிறது. குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்குள்ளேயே பல வண்டிகள் வீட்டுச் சுவரோரம் சாய்ந்துவிடுகின்றன. போய்ப் பார்த்தால் பிரேமுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பெடலும் சுற்றும். சக்கரம்தான் போயிருக்கும். கம்பி அறுந்து கோட்டம் (சக்கரம் நேராகச் சுற்றாமல் ஆடுவது) விழுந்திருக்கும், அல்லது ரிம் பொரிந்து டியூப்பைத் தின்றிருக்கும், அல்லது அச்சு துருவேறி இறுகியிருக்கும். வண்டி கொடுக்கும் நாளில் ஒரு சோதனை, இரண்டு வாரம் கழித்து இன்னொரு சோதனை, பள்ளிக்கு ஒரு கருவிப் பெட்டி, சாலையோரத்தில் முள் கிடக்காத ஏற்பாடு. இவ்வளவு இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். நாங்கள் கேட்பதும் இவ்வளவுதான். ஏன் என்பதை விவரமாகச் சொல்லாமல் கேட்டால் வெறும் கோரிக்கை மனுவாகிவிடும் என்பதால் நீளமாக எழுதுகிறோம்.

முதலில் உப்பு. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோகங்கள் எவ்வளவு வேகமாக அரிக்கின்றன என்று சோதிக்க மண்டபத்தில் நிலையம் அமைத்ததே இந்தக் காற்றின் குணத்தைச் சொல்லும். கடலோரத்தில் துருப்பிடிக்க மழை பெய்ய வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினாலே சாதாரண உப்பு தானாக நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே அந்த வேலையைத் தொடங்கிவிடும். நம் ஊரில் இரவு ஈரப்பதம் பெரும்பாலும் இதற்கு மேலேதான் இருக்கிறது. அதாவது, உப்புத் தூசி படிந்த சைக்கிள் வெயில் காலத்திலும் இரவு முழுக்க உப்பு நீரில் நனைந்தபடியே நிற்கிறது. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் ஒன்றுதான்.

அதனால்தான் விழா நாளுக்காகப் பள்ளி மைதானத்தில் வண்டிகளை வெட்டவெளியில் வாரக்கணக்கில் நிறுத்திவைப்பதைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. பிள்ளையின் கைக்குப் போகும் முன்பே, கம்பியை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகான நிப்பிளின் அடியில் துரு தொடங்கிவிடுகிறது. கூரை உள்ள இடம் இல்லையென்றால் தார்ப்பாய் போதும். ஆனால் தரை வரை இழுத்து மூடிக் கட்டக் கூடாது. அடியிலிருந்து ஏறும் ஈரம் உள்ளேயே நின்று, மூடாமல் விட்டதைவிட மோசமாகிவிடும். மேலே மட்டும் பந்தல் போல் கட்டி, கடலைப் பார்த்த பக்கத்தில் ஒரு மறைப்பு வைத்தால் போதுமானது.

சக்கரத்தில் உப்பு முதலில் பிடிக்கும் இடங்கள் நான்கு: நிப்பிள் ரிம்மில் உட்காரும் துளை, கம்பியும் கம்பியும் குறுக்கே உரசும் இடம், சக்கரத்தின் நடுவிலிருக்கும் ஹப்பின் விளிம்பில் கம்பி வளைந்து நுழையும் முழங்கை, ரிம் டேப்பின் அடி. நான்கும் தண்ணீர் தங்கும் இடங்கள், நான்கும் கண்ணுக்கு எளிதில் படாதவை. துத்தநாகம் பூசிய கம்பியில் முதலில் வெள்ளையாகப் பொடி பூக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், துத்தநாகம் தன்னைக் கொடுத்து இரும்பைக் காத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். செம்பழுப்பு தெரிந்தால்தான் பூச்சு தீர்ந்துவிட்டது. குரோம் ரிம் வேறு மாதிரி. பூச்சில் ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் அடியில் இருக்கும் இரும்பு அந்த ஒரு புள்ளியிலேயே வேகமாக அரித்து, மேலே இருக்கும் குரோம் பொக்குப் பொக்காக எழும்பும். அந்தப் பொக்கு பிரேக் கட்டையைச் சீவிவிடும். உள்பக்கம் வந்தால் டியூப்பைக் குத்தும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர், அதுவும் கொஞ்சம்தான். எங்கள் ஊர்களில் குடிநீருக்கே குடம் வரிசை போடும் நிலை என்பதை மறந்துவிட்டு, வாளி வாளியாக ஊற்றிக் கழுவச் சொல்ல மாட்டோம். கரையோர ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் உப்பாக இருப்பதால் அதில் கழுவுவது உப்பின் மேல் உப்பைப் பூசுவதாகும். காவிரிக் கூட்டுக் குடிநீரோ மழைநீரோ 2 லிட்டர், பழைய துணி 3. முதல் துணியை நனைத்துப் பிழிந்து ஹப்பிலிருந்து ரிம் நோக்கிக் கம்பி கம்பியாகத் துடைக்க வேண்டும், நிப்பிளைச் சுற்றி விரலால் அழுத்தித் தேய்க்க வேண்டும். இரண்டாவது, காய்ந்த துணி. மூன்றாவது துணியில் சில சொட்டு எண்ணெய் விட்டுக் கம்பிகளையும் நிப்பிளையும் மட்டும் துடைக்க வேண்டும். ரிம்மில் பிரேக் கட்டை படும் பக்கத்தில் எண்ணெய் பட்டால் வண்டி நிற்காது. பட்டுவிட்டால் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை இது போதும். கடற்கரை மணலிலோ அலை தெறிக்கும் சாலையிலோ போனால் அன்றே செய்துவிட வேண்டும். வாகனம் கழுவும் கடையில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் கூடவே கூடாது. அது அச்சில் திருகிக் குண்டுகளைத் தாங்கும் கோனைத் தாண்டி ஹப்பின் உள்ளே போய் கிரீஸை வெளியே தள்ளி, தான் அங்கே தங்கிவிடும்.

அடுத்தது கம்பியின் இழுவிசை. புதுச் சக்கரம் முதல் சில வாரங்களில் தளர்வது குறைபாடு இல்லை, இயல்பு. கம்பியின் முழங்கை ஹப் விளிம்பில் சரியாகப் படிந்து உட்காரும், நிப்பிள் ரிம்மில் உட்காரும், முறுக்கிக்கொண்ட கம்பி அவிழும். அந்த அளவுக்கு இழுவிசை குறையும். அப்போதே ஒருமுறை இறுக்கிவிட்டால் சக்கரம் பல வருடம் நிற்கும். இறுக்காமல் விட்டால் நடப்பது இதுதான்: 28 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்கு 450 சுற்று. பள்ளி 5 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால் போய்வர 4,500 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்த கம்பி முழங்கையில் ஒருமுறை மடங்கி நிமிர்கிறது. அங்கே ஏற்கெனவே உப்பு குழி பறித்திருக்கும். குழியின் அடியிலிருந்து விரிசல் ஓடி, ஒருநாள் டிங் என்று அறும். கம்பி அறுவது அதிகம் இறுக்கியதால் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தளர்ந்ததால்தான் அறுகிறது. ஒன்று அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையையும் வாங்கிக்கொள்ளும், பிறகு அவையும் வரிசையாகப் போகும். ஒரு கம்பி அறுந்த வண்டியில் கேரியரில் ஆள் ஏற்றக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பழைய 28 அங்குல வண்டியில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்பது கணக்கு. இரண்டுக்கும் 36 வைத்த வண்டிகளும் வருகின்றன. எதுவானாலும் சோதனை ஒன்றே. அடுத்தடுத்து ஒரே பக்கத்து விளிம்புக்குப் போகும் கம்பிகளை விரல் நகத்தால் மீட்டிப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஒரே சுருதி வர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக ஒலித்தால் அது தளர்ந்தது. பின்சக்கரத்தில் செயின் மாட்டும் பிரீவீல் பக்கமும் மறுபக்கமும் வேறு வேறு சுருதியில் இருக்கலாம். அதைச் சமமாக்கப் பார்க்கக் கூடாது, ரிம் நடுவில் நிற்பதற்காகவே அந்த வேறுபாடு.

கோட்டம் எடுக்கும் முறையைத் தெளிவாக எழுதுகிறோம், பள்ளித் தகவல் பலகையில் ஒட்டினாலும் உதவும். வண்டியைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிரேம் கம்பியில் கையை ஊன்றி ஒரு சாக்பீஸை ரிம்மின் பக்கவாட்டுக்கு அருகே மெதுவாகக் கொண்டுபோக வேண்டும். எங்கே வெள்ளைக் கோடு விழுகிறதோ அங்கே ரிம் அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறது. ரிம் இடப்பக்கம் தள்ளினால், அந்த இடத்தில் ஹப்பின் வலது விளிம்புக்குப் போகும் கம்பிகளைக் கால் சுற்று இறுக்க வேண்டும், இடது விளிம்புக்குப் போகும் கம்பிகளைக் கால் சுற்றோ அதற்கும் குறைவாகவோ தளர்த்த வேண்டும். டயர் பக்கமிருந்து பார்த்தால் நிப்பிளைக் கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புவது இறுக்கம். ஹப் பக்கமிருந்து பார்க்கும்போது திசை மாறித் தெரியும்; புதிதாகப் பழகுகிறவர்கள் தவறுவது இங்கேதான். ஒரே கம்பியில் முழுச் சுற்று திருப்பக் கூடாது. கால் சுற்று, பிறகு சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. இரண்டு சக்கரங்களின் பக்கவாட்டு ஆட்டமும் 1 மில்லிமீட்டருக்குள் வந்தால் பள்ளி வண்டிக்குப் போதும். கடைசியில் இணையாகப் போகும் இரண்டிரண்டு கம்பிகளைச் சேர்த்துக் கையால் அழுத்திப் பிழிந்துவிட வேண்டும். கடகடவென்று சத்தம் வரும். முறுக்கிய கம்பிகள் அவிழ்ந்து உட்காரும் சத்தம் அது. மறுபடி ஒருமுறை கோட்டம் பார்த்து முடிக்கலாம்.

துருப்பிடித்த நிப்பிளை நேராகத் திருப்பினால் முனை மழுங்கும், இல்லாவிட்டால் கம்பி முறுக்கி அறும். முதல்நாள் மாலை ஒவ்வொரு நிப்பிளின் வாயிலும், ரிம்மில் நுழையும் இடத்திலும் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மறுநாள் காலை அரைக்கால் சுற்று தளர்த்திப் பிறகு இறுக்க வேண்டும். நிப்பிளோடு சேர்ந்து கம்பியும் திரும்பினால் கம்பியைக் குறடால் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்படியும் வராத நிப்பிளை வெட்டிவிட்டுப் புதுக் கம்பி போடுவதே மேல். மாற்று நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும்.

இந்தச் சோதனையை வண்டி கொடுக்கும் நாளிலும், முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு முறையும் செய்ய வேண்டும். 5 கிலோமீட்டரிலிருந்து வரும் பிள்ளைக்கு அது இரண்டு வாரம். பழகிய கைக்கு ஒரு வண்டியின் இரண்டு சக்கரத்துக்கும் அரைமணி நேரம் ஆகாது.

ஹப்புக்கு வருவோம். புது வண்டியின் ஹப்பில் கிரீஸ் பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும். கோனை அவிழ்த்து உள்ளே பார்த்தால் பால்ரஸ் குண்டுகள் பாதி காய்ந்து கிடக்கும். முன்சக்கரத்தில் பக்கத்துக்கு 10 வீதம் 3/16 அங்குலக் குண்டு, பின்சக்கரத்தில் பக்கத்துக்கு 9 வீதம் 1/4 அங்குலக் குண்டு என்பது பொதுவான அளவு. கிண்ணத்தில் கிரீஸ் நிரப்பிக் குண்டுகளை அதில் பதித்து, கோனைத் திருகிய பின்னும் கோனுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் கிரீஸ் ஒரு வளையமாக வெளியே பிதுங்கி நிற்கட்டும். துடைத்துவிடாதீர்கள். மணலும் உப்பும் உள்ளே போகாமல் தடுக்கும் வேலி அதுதான். கோனை எவ்வளவு இறுக்குவது என்பதற்கு ஒரே அளவுகோல்: சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வின் எடைக்கே மெல்லச் சுற்றிக் கீழே வந்து நிற்க வேண்டும், ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆடக் கூடாது. சில ஹப்பின் நடுவில் எண்ணெய் விடும் துளையும் அதன்மேல் ஒரு சுருள் தகடும் இருக்கும். அந்தத் தகடு நகர்ந்து துளை திறந்திருந்தால் தனுஷ்கோடிப் பக்கம் ஒருமுறை போய்வந்தாலே உள்ளே மணல்தான்.

இனி முள். சீமைக்கருவேலம் எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு படர்ந்திருக்கிறது என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அதன் முள் ஒரு அங்குலத்துக்கு மேலும் நீளும். காய்ந்த பின் இன்னும் கெட்டியாகும். பச்சை மரம் ஓரத்தில் நிற்பதால் பஞ்சர் ஆவதில்லை. வெட்டிய கிளை ஓரத்தில் கிடப்பதால்தான் ஆகிறது. பொக்லைன் வைத்துச் சாலையோரக் கருவையை அகற்றும் ஒவ்வொரு முறையும் அடுத்த சில வாரம் எங்கள் கடைகளில் பஞ்சர் குவிகிறது. எங்களுக்கு அதில் வருமானம் உண்டு. ஆனாலும் சொல்கிறோம், பிள்ளைகள் முதல் பாடவேளையை அதனால் இழக்கிறார்கள். நெடுஞ்சாலைத் துறையிடம் கேட்பது: முள் அகற்றும் ஒப்பந்தத்திலேயே, வெட்டிய அன்றே கிளைகளை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், தார் விளிம்பிலிருந்து வெளியே ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் துடைப்பத்தால் கூட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். விறகும் கரியும் ஏற்றிப் போகும் டிராக்டர்கள் வலை போட்டு மூடிப் போகட்டும்.

பஞ்சர் ஒட்டியும் மறுநாளே அதே இடத்தில் காற்று இறங்குவது ஏன் என்று பலர் கேட்கிறார்கள். கருவைமுள் டயருக்குள் நுழைந்ததும் மேலே ஒடிந்துவிடும், நுனி மட்டும் டயரின் உள்ளே நிற்கும். வெளியே தெரியாது. டியூப்பை மட்டும் ஒட்டிப் போட்டால் அது மறுபடி குத்தும். டியூப்பைக் கழற்றும்போதே எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று பார்த்துக்கொண்டு, வால்வு துளையை அடையாளமாக வைத்து, ஓட்டை விழுந்த இடத்துக்கு நேரே டயரைத் தேட வேண்டும். விரலை விட்டுத் தடவினால் விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை உள்ளே வைத்து இழுத்தால் முள் இருக்கும் இடத்தில் பஞ்சு சிக்கும். குறடால் நுனியைப் பிடித்து எடுத்த பிறகே ஒட்டுப் போட வேண்டும். ஓட்டை டியூப்பின் உள்வட்டத்தில், ரிம் பக்கம் இருந்தால் முள்மேல் பழி போடாதீர்கள். ரிம் டேப் விலகிக் கம்பி முனை குத்தியிருக்கும், அல்லது ரிம் துரு குத்தியிருக்கும். துருவை உப்புத்தாளால் தேய்த்துத் துணி டேப் ஒட்ட வேண்டும்.

ஒட்டுவதில் கடலோரத்துக்கென்று ஒரு கவனம் உண்டு. உப்புத்தாள் போட்ட இடத்தில் ஈரக் கை படக் கூடாது. வாடைக் காலத்தில் தொட்டியில் முக்கிப் பார்த்த டியூப்பைத் துடைத்தது போதும் என்று நினைத்தால் ஓரம் பிரியும், காயும்வரை காத்திருக்க வேண்டும். ஒட்டைவிடச் சற்று அகலமாக மெல்லிய பூச்சாக சொல்யூஷன் தடவி, பளபளப்பு அடங்கும் வரை, ஏறக்குறைய 5 நிமிடம் விட்டுப் பிறகு ஒட்டி அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் நிற்காது. பழைய டியூப்பை நீளவாக்கில் வெட்டி விரித்து டயருக்கும் டியூப்பிற்கும் இடையில் விரிக்கும் வழக்கம் நல்லது. சிறு முள்ளை நிறுத்தும். வெட்டிய விளிம்புகள் டியூப்பை உரசாமல் சாய்வாகத் தேய்த்துவிட வேண்டும், இரு முனையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மேடாகக் கூடாது.

காற்று அளவு: 28 அங்குலச் சாதாரண டயருக்கு 45 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வரை போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுதான் இறுதி. பள்ளி வண்டியின் பழைய வகை வால்வில் மீட்டர் பிடிக்க வசதி இல்லாததால் ஆள் உட்கார்ந்ததும் டயர் லேசாகப் புடைக்கிறதா என்று பார்ப்பதே வழி. தரையில் தட்டையாகப் படர்ந்தால் குறைவு. குறைந்த காற்றோடு பாலத்து இணைப்பிலோ குழியிலோ இறங்கினால் ரிம்மின் இரு விளிம்புக்கும் தரைக்கும் இடையில் டியூப் நசுங்கி இரண்டு கீறல் பக்கம் பக்கமாக விழும். அது முள் அல்ல. வால்டியூப் என்பது வால்வின் மேல் மாட்டும், வெயிலில் இறுகி வெடிக்கும் சிறு ரப்பர் குழாய். இரண்டு அங்குலத் துண்டு மாற்றினால் சரியாகும் பிரச்சினைக்குப் பல பிள்ளைகள் வண்டியைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். வெயிலில் நிறுத்தினால் காற்று விரிந்து டயர் வெடிக்கும் என்ற பயமும் கொஞ்சம் மிகை. 80 பி.எஸ்.ஐ. உள்ள டயரில் வெப்பம் 20 டிகிரி ஏறினால் கூடுவது 6 பி.எஸ்.ஐ. அளவுதான். வெயில் கெடுப்பது ரப்பரையும் ஒட்டையும். நிழல் வேண்டும் என்பது அதற்காக.

பிரேக்கைப் பற்றிச் சுருக்கமாக. குரோம் ரிம்மும் ரப்பர் கட்டையும் நனைந்தால் பிடிமானம் பெருமளவு குறையும். ரிம் சில சுற்று சுற்றித் தண்ணீரைத் துடைத்த பிறகே பிடிக்கத் தொடங்கும். மழையில் முன்கூட்டியே லேசாகப் பிரேக்கை உரசவிட்டுப் போகப் பிள்ளைகளைப் பழக்குங்கள். செயினுக்குச் சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசினாகி மணலைப் பிடித்துக்கொள்ளும். வண்டிகளிலிருந்து வடித்த பழைய என்ஜின் எண்ணெயில் உலோகத் துகள் இருக்கும், அதுவும் வேண்டாம். ஒரு உருளைக்கு ஒரு சொட்டு, பிறகு வெளியே துடைத்துவிட வேண்டும்.

சாலைக்கு வருகிறோம். பாம்பன் சாலைப் பாலம் 1988இல் திறக்கப்பட்டது, நீளம் இரண்டேகால் கிலோமீட்டருக்கு மேல். பாலத்தின் துண்டுகள் சேரும் இரும்பு இணைப்புகளில் ஈரமும் உப்பும் மீன் வண்டிகள் ஒழுகவிடும் தண்ணீரும் சேரும்போது சைக்கிள் டயர் வழுக்குகிறது. இணைப்பைச் செங்குத்தாகக் கடந்தால், அதன் மேல் பிரேக் பிடிக்காமலும் திருப்பாமலும் இருந்தால், ஆபத்தில்லை. ஆனால் கடலைப் பார்க்க வண்டியை நடுப்பாலத்தில் நிறுத்திவிடுகிறவர்கள் சைக்கிளைச் சுற்றிப் போகவைக்கிறார்கள். அப்போது இணைப்பைச் சாய்வாகக் கடக்க நேர்கிறது, பக்கவாட்டில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கிறது, லாரி கடக்கும்போது காற்று ஒரு நொடி மறைந்து மறுபடி அறைகிறது. விழும் இடம் அதுதான். பாலத்தில் வாகனம் நிறுத்துவதைக் காவல்துறையோடு பேசி உண்மையாகவே தடுக்க வேண்டும். இணைப்புகளைப் பழுது பார்க்கும்போது மேற்பரப்பில் பிடிமானம் தரும் பூச்சு வேண்டும். மீன் வண்டிகளில் கழிவு நீரைத் தொட்டியில் பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டை மீன்வளத் துறை வழியாகக் கட்டாயமாக்குங்கள்.

இன்னொன்று, கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் கிளைச் சாலைகளிலும் பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டுவிட்டு ஓரத்தை நிரப்பாமல் விடுவது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் நான்கு விரல் இறக்கம் நின்றால், பேருந்து நெருக்கும்போது கீழே இறங்கிய சைக்கிள் சாய்வாக மேலேற முடியாது. முன்சக்கரம் விளிம்பில் உரசி ஆளைத் தார்ச்சாலைக்குள் தள்ளும். தார் போட்ட வாரத்திலேயே ஓரத்துக்குக் கிராவல் நிரப்பிச் சமப்படுத்திவிடுங்கள்.

வெளியூரிலிருந்து சாலை சைக்கிளோடு வருகிறவர்களும் இப்போது அதிகம். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017இல் சாலை திறந்த பின் இரு பக்கமும் கடலைப் பார்த்தபடி ஓட்ட வருகிறார்கள். சுற்றுலாத் துறையோ மாவட்ட நிர்வாகமோ சைக்கிள் பயணம் நடத்தும்போது அறிவிப்பிலேயே சில செய்திகளைச் சேர்த்துவிட்டால் அவர்களுக்கும் நல்லது. முன்சக்கரத்துக்கு 50 மில்லிமீட்டர் ஆழமான ரிம் வேண்டாம். கச்சான் அடிக்கும் மாதங்களில் பக்கக் காற்று அதைப் பிடித்து இழுக்கும். 23, 25 மில்லிமீட்டர் டயரைவிட 28, முடிந்தால் 32 போடட்டும். 65 கிலோ எடையுள்ளவருக்கு 28 மில்லிமீட்டர் டயரில் முன்னே 65, பின்னே 70 பி.எஸ்.ஐ. அளவில் வைத்தால் இணைப்பிலும் மணல் திட்டிலும் பிடிமானம் கிடைக்கும். அலுமினிய நிப்பிளும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் உப்பு நீரில் சேர்ந்தால் மின்கல விளைவால் அலுமினியம்தான் கரையும். கார்பன் ரிம்மோடு சேர்ந்தால் இன்னும் வேகமாக. வெள்ளைப் பொடி பூத்த நிப்பிள் ஒருநாள் தலை கழன்று போகும். பித்தளை நிப்பிள் சில கிராம் எடை கூடும், அவ்வளவுதான். டியூப்லெஸ் டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் திரவம் எங்கள் வெயிலில் சீக்கிரம் காய்வதால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். சாலையில் மணல் ஏறிய இடத்தில் மிதிப்பதை நிறுத்தி, ஹேண்டில்பாரைத் திருப்பாமல், பிரேக் தொடாமல் நேராகக் கடக்க வேண்டும். இராமேசுவரத்தில் பயணிகள் கூடும் ஓர் இடத்தில் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றும், மீட்டரோடு கூடிய காற்றுப் பம்பு ஒன்றும் வைத்தால் அவர்களுக்கும் ஊர்ப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

பள்ளிக் கருவிப் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்பீர்கள். 100 வண்டி உள்ள பள்ளிக்கு: தரையில் நிறுத்தி அடிக்கும் பம்பு 2, நிப்பிள் சாவி 2, கோன் ஸ்பேனர் ஒரு ஜோடி, ரிங் ஸ்பேனர் செட் ஒன்று, டயர் லீவர் 6, குறடு ஒன்று, வால்டியூப் 5 மீட்டர், ஒட்டு 100, சொல்யூஷன் 6, உப்புத்தாள் 2, கிரீஸ் அரைக் கிலோ, மெல்லிய எண்ணெய் ஒரு லிட்டர், இரண்டு அளவுக் குண்டுகளும் தலா 100, துணி ரிம் டேப் 10, பித்தளை நிப்பிளோடு கம்பி 50. கம்பி வாங்கும்போது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நீளம் வேறுபடலாம் என்பதால் அந்த வருடத்து வண்டியிலிருந்து ஒவ்வொன்று கழற்றி அளந்து வாங்க வேண்டும். 2 மில்லிமீட்டர் நீளம் கூடினாலும் முனை டியூப்பைத் தொடும், குறைந்தால் மரை பிடிக்காது. பெட்டியைக் கூரை உள்ள அறையில் வையுங்கள். கருவிகளும் துருப்பிடிக்கும்.

பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டால் பயனில்லை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களில் ஆணும் பெண்ணுமாகப் பள்ளிக்கு ஆறு பேருக்குப் பயிற்சி தந்தால் போதும். ஐ.டி.ஐ. பயிற்றுநர்களும் நாங்களும் சேர்ந்து இரண்டு சனிக்கிழமையில் கற்றுத் தந்துவிடலாம். முதல் நாள் பஞ்சரும் வால்வும் பிரேக்கும், இரண்டாம் நாள் கோட்டமும் ஹப்பும். கூலி கேட்கவில்லை. பொருள் மட்டும் பள்ளி கொடுக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். அதற்கு முன் செப்டம்பரிலேயே இந்தப் பயிற்சியும், இந்த வருடம் கொடுத்த வண்டிகளின் இரண்டாம் சோதனையும் முடிந்துவிட வேண்டும் என்று விரும்புகிறோம். முதலில் கடலுக்கு மிக அருகே இருக்கும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், வாலிநோக்கம் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து தொடங்கலாம். எந்தப் பள்ளி, எந்தச் சனிக்கிழமை என்று முதன்மைக் கல்வி அலுவலகம் தலைமையாசிரியர் வழியாகத் தெரிவித்தால், நிப்பிள் சாவியும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்கு வந்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
இராமநாதபுரம் கடலோரத்தில் சைக்கிள் பழுது பார்ப்போரும் ஓட்டுவோரும்